ஆணி டயர் தின்ற லீவு

அன்புள்ள ஹில்காவுக்கு உன் புருஷன் ஐமோ எழுதுவது. நான் நலம், மூக்கு மட்டும் உறைந்து கிடக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாகத்தான் இருக்கும். என்றைக்கு நேராக இருந்தது என்று கேட்காதே.

டீசலை மிச்சம் பிடிக்கும் டிரைவருக்குத்தான் கிறிஸ்துமஸ் லீவு என்று ஆபீசில் பலகை மாட்டினார்கள். அக்டோபர் வரை என் பெயர்தான் முதலில். பனி விழுந்ததும் என் பஸ்ஸுக்கு ஆணி டயர் போட்டார்கள். அது ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், டீசலையும் கூடுதலாகக் குடிக்கும். என் பெயர் கடைசிக்குப் போய்விட்டது. மேனேஜர் குயிஸ்மாவிடம் நேரே போய்க் கேட்டேன். அவன் சொன்னான்:

“டவுன் பஸ் மாதிரி நீயும் ஆணி இல்லாத டயர் போட்டுக்கோயேன். யாரு வேண்டாம்னா?”

“ஏரி இறக்கத்துல பதினோரு பள்ளிக்கூடப் பிள்ளைங்களோட வழுக்கினா, உங்க பலகையையா முட்டுக் கொடுக்குறது?”

“பலகைல டீசல் கணக்கு மட்டும்தான்யா இருக்கு.”

அதற்கு நான் சொன்னதை எழுத மாட்டேன், நீ உன் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுவாய். சாக்பீஸை எடுத்து, பலகையின் உச்சியில் அந்தப் பதினோரு பிள்ளைகளின் பெயர்களையும் தப்பும் தவறுமாக எழுதிவிட்டு வந்தேன். அவன் அதை அழிக்கவில்லை. லீவும் தரவில்லை.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. உன் கையால் சுட்ட ஏலக்காய் ரொட்டியும் வை, காய்ந்து போனாலும் பரவாயில்லை. பண்டிகையன்று நீராவிக் குளியல் அறையைச் சூடாக்கும்போது மேல்படியில் என் இடத்தில் யாரையும் உட்கார விடாதே, உன் தம்பியைக் கூட.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள், வண்டியை எடுக்க வேண்டும்.

உன் ஐமோ