ஏரிக்கு யார் போட்ட சாயம்?

14 மே 1968, செவ்வாய்

காலையில் சாயம் போட்ட நூலை அலசப் போனால் ஏரி முழுக்கப் பச்சை. துணி துவைக்க வந்த பக்கத்து வீட்டு ரத்தினம்மா என்னைப் பார்த்ததும் கத்தினாள். "நேத்து பச்சை சாயம் காய்ச்சிக்கினு இருந்தியே, தொட்டிய இங்கதான் கவுத்தியா? மாடு எங்கப்பா தண்ணி குடிக்கும்?"

கூட்டம் கூடிவிட்டது. கோபத்தோடு பட்டறைக்குப் போய் வெள்ளைப் பட்டுநூல் எடுத்து வந்து, எல்லார் முன்னாலும் ஏரியில் முக்கினேன். வழவழவென்று பாசி ஒட்டிக்கொண்டு வந்தது. கரையோரக் கிணற்று நீரில் அலசியதும் நூல் பழையபடி வெள்ளை.

"சாயமா இருந்தா இப்பிடி விட்டுப் போவுமா? சொல்லும்மா."

"வெயிலுக்குப் பூத்த பாசிதான்பா," என்று குரலை இறக்கினாள். "அதுக்குன்னு ஒரே ராத்திரியில இப்பிடியா?"

சாயங்காலம் மறுபடி போனேன். காற்று பச்சையை மொத்தமாக எதிர்க்கரைக்குத் தள்ளியிருந்தது. கிளிப்பச்சைக்கும் மயில்கழுத்துக்கும் நடுவே, பெயரே இல்லாத ஒரு நிறம். இத்தனை வருடம் காய்ச்சியும் எனக்கு அது கூடி வந்ததில்லை. இருட்டும் வரை நின்றேன்.

காலையில் வாங்கிய திட்டு இப்போது வலிக்கவில்லை. அந்தப் பச்சையை நான் போட்டிருப்பேன் என்று நினைத்தாளே, ரத்தினம்மா.