சரோஜா ஆன்டிக்குப் போன கல்யாண கார்டு

ஜூன் 4, வியாழன்

காலையிலிருந்து மழை. வீடு முழுக்க ஈரத்துணி வாடை. படித்தவை: கட்டுரை மூன்று. மூன்றிலும் ஏமாந்தவர்களுக்கு ஒரே பெயர், "விழிப்புணர்வு குறைந்தோர்". எழுதினவன் மூஞ்சியில் காறித் துப்பலாம்.

இங்கே நடக்கும் மோசடி: வாட்ஸ்அப்பில் கல்யாண கார்டு வரும். கீழே உள்ள லிங்க்கை அழுத்தினால் போன் திருடன் கையில். யார் அழுத்துகிறார்கள், ஏன்? அதுதான் என் ஆய்வு. எங்கள் பிளாட்டில் குடியிருப்பவர்களிடம் "போன் பயன்பாடு பற்றி" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். இன்று போலிக் கார்டு அனுப்பியாயிற்று. அழுத்தினால் "இது ஆய்வு, பயப்படாதீர்கள்" என்ற பக்கம் வரும். கார்டில் ஞாயிறு காலை, கிள்ளானில் நிஜமாகவே உள்ள ஒரு மண்டபம், இல்லாத மாப்பிள்ளை, இல்லாத பெண்.

பாதிப் பேருக்கு மொட்டைக் கார்டு. மீதிப் பேருக்குப் பெயர் போட்டு, "தாங்கள் மேடையேறி மணமக்களை ஆசீர்வதிக்க வேண்டும்" என்று ஒரு வரி. அந்த வரி என் சொந்த மூளை.

ஜூன் 5, வெள்ளி

பெயர் போட்டதைத்தான் அதிகம் பேர் அழுத்தியிருக்கிறார்கள். என் மேற்பார்வையாளர் டாக்டர் ஆர். கைகொட்டிச் சிரித்தார். "சூப்பர் லா! நீ அந்தத் திருடங்க பக்கம் போயிருந்தா எங்கேயோ போயிருப்பே." நானும் சிரித்தேன். பல்லைக் காட்டினேன் என்பதே சரி. அழுத்தாதவர்களுக்கு விளக்கம் அடுத்த வாரம் அனுப்பினால் போதுமாம்.

வாங்க: பிரிண்டர் மை, மைலோ.

ஜூன் 7, ஞாயிறு

ஒன்பது மணி. லிப்டில் நான்காம் மாடி சரோஜா ஆன்டி. நீலப் பட்டு, தலையில் பூ இல்லை, கையில் பரிசுப் பெட்டி. அங்கிள் இறந்து ஆறு வருடம். அதற்குப் பிறகு அவரைப் பட்டில் பார்த்ததே இல்லை.

"எங்க ஆன்டி, இவ்ளோ அழகா?"

"கிள்ளான்ல கல்யாணம்மா. கொமுட்டர் ரயில் பிடிக்கணும், லேட்டாச்சு."

"போய்ட்டு வாங்க ஆன்டி." சொல்லிவிட்டுப் போய் ரொட்டி சானாய் தின்றேன், மடச்சி. பாதி ரொட்டியில்தான் உறைத்தது. பட்டியலைத் திறந்தேன். சரோஜா ஆன்டி: பெயர் போட்ட கார்டு. படித்தது, ஆம். அழுத்தியது, இல்லை. அதாவது, என் ஆய்வுப்படி ஏமாறாதவர்.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. பின்னாலேயே ஓடினேன். கிள்ளானில் மண்டபம் பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேன் சொன்னார்: "பட்டுச்சேலை ஆன்டியா? ரொம்ப நேரம் நின்னாங்க. இன்னிக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன், நம்பல. இப்பத்தான் போனாங்க."

சீ. என்ன பிழைப்பு இது.

ஜூன் 8, திங்கள்

வகுப்புக்குப் போகவில்லை. ஆன்டி வீட்டுக்குப் போனேன்.

"வாம்மா. நீ கம்ப்யூட்டர் படிக்கிறவ. இந்த கார்டு அனுப்பினவங்க யாருன்னு கண்டுபிடிச்சுக் குடேன். அங்கிள்கூட வேலை செஞ்சவங்களா இருக்கும். நான்தான் மண்டபத்தை மாத்திப் போய்ட்டேன் போல. மேடையில என்னைத் தேடியிருப்பாங்கல்ல? மன்னிப்பு கேக்கணும்."

"விடுங்க ஆன்டி."

"எப்படிம்மா விடறது? சொந்த அண்ணன் மக கல்யாணத்துலயே என்னைக் கடைசி வரிசையில உட்கார வச்சாங்க. தாலி கட்டறப்ப எந்திரிக்கக்கூட விடல. இவங்க பேர் போட்டு மேடைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

எனக்கு என்னையே பார்க்க அருவருப்பு. சொல்லாமல் எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, அதையும் எழுதிவைக்கிறேன். பிறகு சொன்னேன். கார்டு எழுதியது நான். ஆய்வுக்காக. கல்யாணமே இல்லை. மேடை வரியும் நான்தான்.

திட்டுவார் என்று உட்கார்ந்திருந்தேன். ஆன்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை எடுத்து, கார்டை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

"அப்போ என்னை யாரும் கூப்பிடல."