பட்டன் ராஜாவும் என் கறுப்புத் திரையும்

மார்ச் 3, செவ்வாய்

கடைக் கணினிக்கு மறுபடி அப்டேட் வந்திருக்கிறது. நானென்றால் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டுவேன், கதை முடிந்தது. என் வீட்டுக்காரர் அப்டேட் ஜன்னலைத் திறந்து, பச்சைப் பட்டனை அழுத்தி, பால் பொங்கிவிடுமோ என்று அடுப்படியில் நிற்பவர் மாதிரி பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து என் அச்சுக்கடைக்குத்தான் வருகிறார். இந்தப் பட்டனை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டார். பட்டன் ராஜா!

"எழுத்து எழுத்தா ஓடுதே, உனக்கு அதுல என்ன புரியுது?" என்றார்.

பாதி புரியாது. சொல்வேனா?

மார்ச் 4

வெளியூரில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "போகட்டுமா?" என்று கேட்டார். "உங்க இஷ்டம்" என்றேன். பெரிய மனுஷி! போகாதீங்க என்று சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

மார்ச் 5, வியாழன்

நாசமாய்ப் போச்சு.

சாயங்காலத்துக்குள் ஒரு பள்ளியின் ஆண்டு மலருக்கு அட்டை அடித்துத் தர வேண்டும். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். அதற்குள் இன்று வந்த அப்டேட்டை முடித்துவிடலாம் என்று என் வரியைத் தட்டினேன். 'வேறொரு நிரல் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது, பூட்டு அதனிடம் உள்ளது' என்றது. அது முடிகிறவரை வேறு யாரும் உள்ளே நுழையக் கூடாதாம். அவருடைய பட்டன்தான். அழுத்திவிட்டு ஜன்னலைச் சுருக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

என் கடையில் எனக்கே பூட்டா? அந்த நிரலைப் பாதியில் நிறுத்தினேன், பூட்டையும் அழித்தேன். பிரிண்டருக்கான மென்பொருள் அரைகுறையாய் நின்றுவிட்டது. பக்கத்திலேயே பிரிண்டர் நிற்கிறது, கணினிக்கு அதை அடையாளமே தெரியவில்லை.

திரும்பி வந்தவர் கத்தியிருக்கலாம். "இந்தக் கடையில நான் உருப்படியா செய்யறது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டியா?" என்றார். அவ்வளவுதான்.

ஐயோ, என்னடி இப்படிப் பண்ணிட்டே? கொஞ்சம் பொறுத்திருந்தா குடியா முழுகியிருக்கும்?

பாதியில் நின்றதை முடிக்கச் சொல்லும் வரியைத் தட்டினேன். நடுவில் கேட்டது: பழைய அமைப்புகளை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா? வழக்கமாகப் படிக்காமலே புதியதைப் போடச் சொல்லிவிடுவேன். இன்று கை வரவில்லை, அவரைக் கூப்பிட்டேன்.

"பழசே இருக்கட்டும். அட்டைத் தாளுக்காக நான்தான் அளவெல்லாம் மாத்தி வெச்சிருக்கேன்."

எப்போது செய்தார்? எனக்குத் தெரியவே தெரியாது. அட்டைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் எனக்கு முன்னாலேயே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மார்ச் 6, வெள்ளி

காலையில் நானே இறங்கிப் போனேன். "இனிமே அப்டேட் உங்க பொறுப்பு. நான் தொட மாட்டேன்."

"ஒரு பட்டனை அழுத்தறதுக்காக நான் இங்க இருக்கணுமா?"

"எனக்காக இருங்க."

சொல்லிவிட்டேன். சொன்ன வெட்கத்தில் தாள் கட்டைத் தேடுகிற சாக்கில் மேசைக்கடியில் புகுந்துகொண்டேன். மேலே அவர் போனை எடுத்துப் பேசுவது கேட்டது.

"இல்லைங்க, வர முடியாது. எங்க கடையில வேலை நிறைய இருக்கு."

எங்க கடையாம். தாள் கட்டு கையில் இருந்தும் கொஞ்ச நேரம் கீழேயே உட்கார்ந்திருந்தேன்.