அடுப்பின் மேல் போட்ட பழி

கொண்டப்பநாயக்கன்பட்டி,
3.2.2025

அன்புள்ள தம்பி இளஞ்செழியனுக்கு,

அக்கா ராசாத்தி எழுதுவது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நம் ஊர்க் காற்று கெட்டதற்கு வீட்டுச் சமையல்தான் முதல் காரணம் என்று, காற்றை அளக்கிற உன் கம்பெனி அறிக்கை கொடுத்திருக்கிறதாமே. பேப்பரில் உன் பெயரும் இருந்தது. விறகடுப்பில் இட்லி சுட்டு விற்கிறவர்கள் பதினைந்து நாளில் நிறுத்த வேண்டும் என்று எங்கள் தெருவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பாப்பாயி அக்கா கேட்கிறார்: "உன் தம்பி எங்க ஊட்டுல பத்து நாளு காத்த அளக்கற மெஷின் வெச்சது எங்க அடுப்ப அணைக்கத்தானா?"

நான்தானே உன்னை வீடு வீடாக அழைத்துப்போய், "நம்ம பையன்தானுங்க, வெச்சுக்கங்க" என்று சொன்னேன்? புகை எங்கள் நெஞ்சுக்குக் கெடுதிதான். என் இருமல் உனக்குத் தெரியும். ஆனால் நாள் முழுக்க ரோட்டில் போகிற லாரிப் புகை எங்கே போயிற்று?

உன் அக்கா,
ராசாத்தி

சென்னை,
10.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்கு என் வணக்கம்.

அடுப்புப் புகை சமைக்கிறவர்களைத்தான் வதைக்கிறது, அவர்களுக்கு உதவ வேண்டும் என்றுதான் எழுதினேன். அச்சில் வந்தது வேறு. ரோட்டோரம் வைத்த மெஷின் பழுது என்று சொல்லி, அதன் அளவுகளை மேலதிகாரிகள் அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அது பழுதில்லை. தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். தேவிப்ரியாவுக்கு இது ஏழாம் மாதம். வேலை போய்விடுமோ என்று பயந்துவிட்டேன்.

கொஞ்சம் பொறுங்கள் அக்கா. எல்லாம் அடங்கிவிடும்.

தம்பி,
இளஞ்செழியன்

கொண்டப்பநாயக்கன்பட்டி,
20.2.2025

தம்பிக்கு,

அடங்கவில்லை. நேற்று கல்யாண மண்டபத்தில் அதிகாரிகள் அந்த நோட்டீஸைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். இட்லிக் குண்டானைத் தூக்கிக்கொண்டே நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். "அறிக்கை எழுதுனவரை யாருக்காச்சும் தெரியுமா?" என்று மேடையில் கேட்டார்கள். பாப்பாயி அக்கா என்னைப் பார்த்தார். ஆனால் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எழுந்துவிட்டேன். "எழுதுனது என் தம்பிங்க. எங்க ஊட்டுல வெச்ச மெஷின் சொன்னதக் கேட்டீங்க. ரோட்டுல வெச்சது என்ன சொல்லுச்சுன்னும் கேளுங்க."

ஆதாரம் இருக்கிறதா என்றார்கள். உன் கடிதம் என் பையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. அதை நீ வந்து சொல்ல வேண்டும். அடுத்த கூட்டம் மார்ச் பன்னிரண்டு.

யாரும் என்னை ஏசவில்லை. பக்கத்தில் உட்காரவும் இல்லை.

ராசாத்தி

சென்னை,
1.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ரோட்டு மெஷினின் அளவுகள் முழுவதையும் என் பெயர் போட்டுக் கலெக்டருக்கு அனுப்பிவிட்டேன். இன்று என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தேவிப்ரியா அந்த உத்தரவை இரண்டு முறை படித்தாள். பிறகு, "கூட்டத்துல பதறாமப் பேசுங்க" என்று மட்டும் சொன்னாள்.

பன்னிரண்டாம் தேதி காலையில் வருகிறேன். நம் வீட்டுக்கு வரலாமா அக்கா?

இளஞ்செழியன்

கொண்டப்பநாயக்கன்பட்டி,
5.3.2025

அன்புள்ள தம்பிக்கு,

வா. ஆனால் முதலில் பாப்பாயி அக்கா வீட்டு வாசலில் போய் நில். உனக்காக நான் பேசமாட்டேன். உள்ளே கூப்பிட்டால் உட்கார்ந்து, அவர் போடுவதைச் சாப்பிட்டுவிட்டு வா.

கூப்பிடாவிட்டாலும் வா. கூட்டத்துக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம்.

உன் அக்கா,
ராசாத்தி