கிரகணத்தன்று நின்ற உலக்கை

றொசல்லத் தோட்டம், மேற்பிரிவு லயம், இலங்கை
28.6.1955

அன்பு மகன் லெட்சுமணனுக்குச் சித்தப்பா சின்னத்தம்பி எழுதுவது. இங்கே நானும் சித்தி மீனம்மாவும் பிரசவத்துக்கு வந்திருந்த உன் அக்கா பூரணியும் அவள் பெற்ற பெண்குழந்தையும் சுகம், சென்னைப் பட்டணத்து வெயிலில் நீயும் அப்படியே இருக்க முருகன் துணை. கிரகணத்தன்று நடந்தது எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். காலேஜில் படித்ததை நீ மூன்று பக்கம் எழுதி அனுப்பினாய், நல்லது, ஆனால் பாதி எனக்கு முன்பே தெரியும், மீதியை ஊகித்திருந்தேன்.

முதல்நாள் ஞாயிறு சாயங்காலம் கோயிலடியில் ஆட்களைக் கூட்டி விளக்கினேன். ராகு விழுங்குவதில்லை, சந்திரன் குறுக்கே வருகிறது, சூரியன் அதைவிட நானூறு மடங்கு பெரிது, நானூறு மடங்கு தூரம், அதனால்தான் பானைக்கு மூடிபோல் பொருந்துகிறது என்றேன். பொலன்னறுவைப் பக்கம் வெள்ளைக்கார விஞ்ஞானிகள் கூடாரம் போட்டு, சூரியனின் ஓரத்து நட்சத்திரம் இடம் மாறித் தெரிகிறதா என்று படம் பிடிக்கப்போவதையும் சொன்னேன், அவர்களில் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டதாகவும் சேர்த்துக்கொண்டேன். வெளிச்சம் எப்படி வளையும் என்று மூக்கன் மடக்கினான். வட்டவளை வளைவில் ரயில் தானாகவா திரும்புகிறது, தண்டவாளம் வளைந்திருக்கிறது, ரயில் அதன்போக்கில் போகிறது, அதுபோலச் சூரியனின் பாரத்தில் ஆகாயமே வளைந்து கிடக்கிறது என்றேன். அப்ப நட்சத்திரமும் நம்ம பதுளை மெயில் மாதிரி லேட்டாத்தான் வருமா மாமா என்றான், எல்லோரும் சிரித்தார்கள். ஆமாடா, நீ பாக்கிறது எப்பவோ கெளம்பின வெளிச்சம், அந்த நட்சத்திரம் இப்ப இருக்கோ இல்லையோ என்றேன். அதற்குப்பின் யாரும் சிரிக்கவில்லை.

திங்கள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிரகண பயத்தில் ஒருவரும் போகவில்லை, வேலைக்குக் கூப்பிட வந்த கண்டாக்கு ஐயா கத்திவிட்டுத் திரும்பிப்போனார். நிறைமாதக்காரி மேல் கிரகணம் படக்கூடாது என்று சித்தி பூரணியைக் காம்பராவுக்குள் விட்டுக் கதவை அடைத்து இடுக்கிலெல்லாம் சாக்கைத் திணித்தாள். வாசல் இஸ்தோப்பில் பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினாள், கிரகணம் விட்டால்தான் அது விழும், விழுந்தால்தான் கதவு திறக்கும். அடி தட்டையான உலக்கை என்றைக்கும் நிற்குமடி என்றேன். ஒங்க நட்சத்திரத்த ஒங்களோட வச்சிக்கங்க, இது பொம்பள காரியம் என்றாள்.

அன்று ஒரே மூட்டம், சூரியனே தெரியவில்லை. எட்டு மணிக்குமேல் வட்டவளைப் பக்கமிருந்து இருட்டு மலையேறி வந்தது மகனே, மழை வருகிற இருட்டு இல்லை, சத்தமே இல்லாமல் தேயிலையை வரிசை வரிசையாக மூடிக்கொண்டு வந்தது. கோழிகள் கூட்டுக்குள் போய்விட்டன. என் கையை நீட்டிப் பார்த்தேன், செத்தவன் கைபோல் இருந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே பூரணிக்கு வலி கண்டது. கொஞ்சத்தில் வெளிச்சம் திரும்பியது, ஒன்பதரைக்கு எல்லாம் முடியும் என்று நீ எழுதியிருந்தாய். பத்தானது, பத்தரையானது, மூட்டம் விலகவில்லை, உலக்கையும் விழவில்லை. மருத்துவச்சி நாகலெட்சுமி வாசலில் நின்று, கதவத் தொறங்கக்கா, புள்ள தல திரும்பல போல என்று கெஞ்சினாள். இப்ப தொறந்தா புள்ள ஊனமாப் போயிரும், ஒலக்க விழட்டும் என்று சித்தி கதவில் சாய்ந்துகொண்டு அழுதாள். பிறகு பூரணியின் சத்தம் நின்றுபோனது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தட்டுத் தண்ணீரில் ஓர் அசைவுகூட இல்லை. விஞ்ஞானம் தெரிந்தவன் ஆயிற்றே, போய் ஓங்கி ஓர் உதை விட்டேன், உலக்கை விழுந்தது, கதவு திறந்தது, கால்மணி நேரத்தில் குழந்தை அழுதது. இப்போது லயமே என்னைக் கும்பிடுகிறது.

குழந்தைக்குக் கை கால் எல்லாம் சரியாக இருக்கிறது, சித்தி தினமும் விரல்களை எண்ணிப் பார்க்கிறாள். உன் அத்தான் அழகையா லிந்துலையிலிருந்து வந்து பார்த்துப் போனார். நீ சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, கண்ட கடையில் சாப்பிடாதே, அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. தீர்க்காயுசாக இரு.

உன் நன்மையே நினைக்கும் சித்தப்பா,
சின்னத்தம்பி

பின்குறிப்பு: உனக்கு மட்டும் எழுதுகிறேன். நான் உலக்கையை உதைக்கவில்லை. உதைக்கத்தான் போனேன், கால் வரவில்லை, நாலடி தள்ளி நின்றுவிட்டேன். காற்றும் இல்லை. அது தானாக விழுந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. சத்தம் கேட்டுத் திரும்பியவர்களிடம் நான்தான் உதைத்தேன் என்று சொல்லிவிட்டேன். உன் காலேஜில் பெரியவர்களைக் கேட்டு எழுது. அதுவரை உலக்கையைப் படுக்கப்போட்டே வைத்திருக்கிறேன்.