சத்தம் ஒரு வீட்டுப்பாடம்

அக்டோபர் 3, வியாழன்

நூலகத்துக்கு இன்றும் ஏரிக்கரை வழியாகச் சுற்றித்தான் போனேன். "நடந்தா உடம்புக்கு நல்லது" என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். எதையும் உற்றுப் பார்ப்பார், கேள்வி மட்டும் கேட்க மாட்டார். "நல்லதுதான்" என்றார்.

பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. அதனால் உண்மையை இங்கே எழுதிவிடுகிறேன்.

நேர்வழி என்பது ரயில் பாதைக்கு அடியில் போகும் சைக்கிள் சுரங்கம். வியாழக்கிழமைகளில் அங்கே ஒன்பதாம் வகுப்பு ஓட்சோ நிற்கிறான், கூட இரண்டு பேர். ஓட்சோ என்றால் ஃபின்னிஷ் மொழியில் கரடி. தொட்டிலைப் பார்த்தவுடனேயே அவன் பெற்றோருக்குத் தெரிந்திருக்கிறது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வாங்க கலைக்களஞ்சியம்! ஒரு விஷயம் சொல்லிட்டுப் போங்க" என்பான். அவர்களுக்குச் சிரிப்பு வரும்படி நான் ஏதாவது சொல்கிற வரைக்கும் பிடி தளராது.

அடிப்பதில்லை. அதனால் இதற்கு என்ன பெயர் வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

மிகவும் வெட்கமான பகுதி இனிமேல்தான். அவன் கேட்டால் நான் சொல்லியும் விடுகிறேன்! போன மாதம், வாம்பாட் என்ற விலங்கின் சாணம் கனசதுர வடிவில் இருக்கும் என்று சொன்னேன். மூன்று பேரும் சுவரில் சாய்ந்து சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்கடுத்த வியாழனுக்கு வீட்டிலேயே ஒன்றைத் தேடிப் பிடித்துத் தயாராக வைத்துக்கொண்டு போனேன். ஏன்டி ஹில்லா, உனக்குப் புத்தி இருக்கா?

புதுப் புத்தகங்களை வியாழன் மதியம்தான் வெளியே வைப்பார்கள். சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் எரிமலைப் புத்தகத்தை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். என் வியாழக்கிழமை எனக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

அக்டோபர் 8, செவ்வாய்

நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழைய தற்காப்புப் புத்தகம் ஒன்று கிடைத்தது, படங்களோடு. தாக்குகிறவர்கள் எல்லோரும் தொப்பியும் டையும் அணிந்திருக்கிறார்கள். தாக்கப்படுகிறவரும் டை கட்டியிருக்கிறார். பல படங்களில் வெற்றிக்கு முதல் படியே எதிரியின் தொப்பியைக் கண்வரை இழுத்துவிடுவதுதான். ஓட்சோ தொப்பி போடுவதில்லை. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் போடுவதில்லை.

அப்பாவோடு சமையலறையில் ஒத்திகை பார்த்தேன்.

"என் கையைப் பிடி, அப்பா. நீதான் முரடன்."

"எந்தக் கை?"

"முரடன் அதெல்லாம் கேட்க மாட்டான்."

"சரி. இப்ப பிடிக்கலாமா?"

நாடி பார்ப்பது போல இரண்டு விரலால் பிடித்தார். "இறுக்கிப் பிடி" என்றேன். "வலிக்குமே" என்றார். பதினான்காம் படத்தில் உள்ளபடி அவரை இடுப்பில் ஏற்றித் தூக்கி எறியப் பார்த்தேன். இருவரும் மெதுவாகத் தரையில் சரிந்தோம். உருளைக்கிழங்குப் பாத்திரமும் கூடவே வந்தது. முரடன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

நவம்பர் 4, திங்கள்

உடற்பயிற்சி வகுப்புக்கு ரைசா வந்தார். கடைவளாகத்தில் காவலர் வேலை. குள்ளம். வகுப்பு ஆரம்பிக்கும்போது ரை தானிய ரொட்டியைச் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை. நான்கு திங்கட்கிழமைகள் எங்களுக்குத் தற்காப்பு சொல்லித்தரப் போகிறார்.

"சண்டை போட யாரெல்லாம் ஆசையா வந்திருக்கீங்க? இங்க அது கிடையாது. நம்ம வேலை கையை விடுவிச்சுக்கிட்டு ஓடிப்போறது. பையைப் பிடிச்சா பையை விட்டுட்டு ஓடு."

நான் கையைத் தூக்கினேன். "பையில நூலகப் புத்தகம் இருந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இது நியாயமான கேள்வி.

"புத்தகத்தை மறுபடி வாங்கலாம்மா" என்றார் ரைசா. நான் நூலகத்தில் எடுப்பவை எல்லாம் மறுபடி வாங்கக் கூடியவை அல்ல என்று சொல்ல நினைத்தேன். 

பிறகு, "முதல் ஆயுதம் தொண்டை. எல்லாரும் சேர்ந்து, 'கையை விடு!' ம், கத்துங்க" என்றார்.

உடற்பயிற்சிக் கூடம் முழுக்க எட்டாம் வகுப்புப் பெண்கள். அத்தனை பேர் சேர்ந்தும் எழுந்த சத்தம், யாரோ ஜன்னல் திரையை இழுத்தது போல இருந்தது.

ரைசா காதில் கை வைத்தார். "என்ன, பக்கத்து அறையில குழந்தை தூங்குதா?"

மறுபடியும் செய்தோம். என் பக்கத்தில் நின்ற தோழி சுவிக்குச் சிரிப்பு வந்து விக்கலாக மாறிவிட்டது. என் முறை வந்தபோது, "தயவுசெய்து என் கையை விடுங்க, ஏன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்து. ஏன்னா வேண்டாம்."

"காரணம் சொன்னாத்தானே புரியும்?"

"அவனுக்கு எல்லாம் புரிஞ்சுதான் இருக்கு, ஹில்லா. நீ சொல்ற காரணத்தையெல்லாம் அவன் பிடிச்ச கையை விடாமலேயே கேட்டுக்கிட்டிருப்பான்."

இதை வீடு வரும்வரை யோசித்தேன். வீட்டுப்பாடம்: கத்திப் பழகுவது. இதுவரை வாங்கியதிலேயே மிகக் கடினமான வீட்டுப்பாடம் இதுதான்.

நவம்பர் 5, செவ்வாய்

தலையணைக்குள் கத்திப் பார்த்தேன். அதுவும் மெதுவாகத்தான் வந்தது. தலையணைக்குக்கூடவா மரியாதை?

நவம்பர் 8, வெள்ளி

எங்கள் அடுக்ககத்தின் அடித்தளத்தில் இருக்கும் பொது நீராவிக் குளியலறையில், அதாவது சௌனாவில், வெள்ளி மாலை எங்கள் முறை. அம்மா ஓவ்லு நகரத்தில் வேலை செய்கிறாள், சனிக்கிழமைதான் வருவாள். அப்பா முதலில் போய்க் குளித்துவிட்டு வந்துவிட்டார். ஆக, எனக்குத் தனியறை, கனமான கதவு, நல்ல சூடு. இதைவிடச் சிறந்த இடம் கிடைக்காது என்று தோன்றியது. மேல் பலகையில் உட்கார்ந்து, மூச்சை இழுத்து, கத்தினேன்.

"கையை விடு!"

என் வாயிலிருந்துதான் வந்ததா? சூடேறிய கற்களில் ஊற்றிய தண்ணீர்கூட அந்த அளவுக்குச் சீறவில்லை. மகிழ்ச்சியில் இன்னும் இரண்டு முறை கத்தினேன்.

கதவு தட்டப்பட்டது. இரண்டாம் மாடி ரெய்யோ.

"உள்ள யாரு? எல்லாம் சரிதானே?"

"சரிதான்! பயிற்சி!"

மரச்செருப்புச் சத்தம் இரண்டு அடி தள்ளிப் போய் நின்றது. பிறகு, "தண்ணியைக் கொஞ்சமா ஊத்தும்மா" என்றார்.

கன்னம் எரிந்தது. சூட்டினால் மட்டும் அல்ல. ஆனால் எழுதும்போது ஒன்று புலப்படுகிறது. கத்தினேன், ஒரு ஆள் வந்தார். மாடியிலிருந்து இறங்கி, மரச்செருப்போடு.

நவம்பர் 10, ஞாயிறு

மாடிப்படி அறிவிப்புப் பலகையில் புதுத் துண்டுச்சீட்டு:

"வெள்ளிக்கிழமை சௌனாவில் கத்துபவர் கவனத்துக்கு. சௌனா ஓய்வுக்கான இடம். நன்றி. ஒரு குடித்தனக்காரர்."

பக்கத்தில் ஒரு புன்னகை முகம் வரைந்திருந்தது. அதுதான் மிகவும் பயமாக இருந்தது. அப்பா நின்று இரண்டு முறை படித்தார். பிறகு தபால்களை எடுத்துக்கொண்டு மேலே வந்தார்.

நவம்பர் 11, திங்கள்

இன்று கையை விடுவிக்கும் விதம். பிடித்தவனின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பிடியின் வாசல். பின்னால் இழுத்தால் இழுபறிதான், பலசாலி ஜெயிப்பான். பின்னால் போகாமல் ஒரு அடி முன்னால் வைத்து, முழங்கையை மடக்கி அவன் பக்கம் கொண்டுபோய், அந்த வாசல் வழியாகக் கையைத் திருப்பி எடுக்க வேண்டும். சத்தமும் அதே நொடியில். அப்புறம் ஓட்டம்.

எவ்வளவு அழகான வடிவியல்! சுவியின் பிடியிலிருந்து ஒவ்வொரு முறையும் வெளியே வந்தேன். தொப்பிப் புத்தகத்தை ரைசாவிடம் காட்டினேன். கையில் தூக்கிப் பார்த்தார். "நல்ல கனம். ஆள் கால் மேல போடலாம்" என்றார்.

நவம்பர் 14, வியாழன்

இனிப் பயமில்லை என்று சுரங்கம் வழியாகப் போனேன். ஓட்சோ நின்றிருந்தான்.

பிடித்தான். எல்லாம் மறந்துபோச்சு. வாசல், முழங்கை, சத்தம், ஒண்ணுமே இல்ல. கை என்னோடதே இல்லாத மாதிரி இருந்தது. பனிப்பிரதேசக் கலைமானோட கண்ணு கோடையில தங்க நிறம், குளிர்காலத்துல நீலம்னு சொன்னேன். "நிஜமாவா?"ன்னு கேட்டான். விளக்கமா வேற சொன்னேன். விளக்கமா!

நவம்பர் 18, திங்கள்

வகுப்பு முடிந்ததும் ரைசாவிடம் கேட்டேன். "ஒருத்தருக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தும், அந்த நேரத்துல உறைஞ்சு போயிட்டா? பொதுவா கேக்கறேன்."

"பொதுவா சொல்றேன்" என்றார். "எனக்கே நடந்திருக்கு. உடம்பு அப்படித்தான். அது அவங்க தப்பு இல்ல, பிடிச்சவன் தப்பு. அந்த ஒருத்தர் வீட்டுல யார்கிட்டயாவது சொல்லணும்."

"அவங்க அப்பா ரொம்ப அமைதியானவர்."

"காது இருக்குல்ல?"

வீட்டுக்கு வந்தேன். அப்பா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன், "உப்பு எங்கே?" என்று கேட்டேன். உப்பு என் முன்னால்தான் இருந்தது.

நவம்பர் 21, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

ஏரிக்கரை வழியாகவே நூலகத்துக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்பு ஏதோ கட்டுரைக்காக அங்கே வந்திருந்தது. பயண நூல்கள் அலமாரிக்குப் பின்னால், இரண்டு வரிசைகளுக்கு நடுவே நான் நின்றபோது ஓட்சோ வந்தான். இந்த முறை தனியாக. மணிக்கட்டைப் பிடித்தான்.

"இந்த வாரச் செய்தி என்ன, கலைக்களஞ்சியம்?"

"விடு" என்றேன், கிசுகிசுப்பாக. நூலகம் அல்லவா?

அவனும் கிசுகிசுத்தான். "இல்லேன்னா என்ன செய்வே? இங்க கத்தவா போறே?"

உண்மைதான். நான் இந்த நூலகத்தில் தும்மலைக்கூட வெளியே போய்த் தும்முகிறவள். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் பிடித்திருந்தது என் கையை மட்டும் அல்ல. அது எனக்குப் புரிந்த நொடியில் ஒரு அடி முன்னால் வைத்தேன். சமையலறையிலோ கூடத்திலோ ஒருபோதும் வராத சத்தம், சௌனாச் சத்தம், அப்படியே வந்தது.

"கையை விடு!"

கை வந்துவிட்டது. இவ்வளவு சுலபமா? வெண்ணெயிலிருந்து கத்தி வருவது போல. மிச்சமிருந்த வேகத்தில் என் முழங்கை அலமாரியில் மோதியது. ஐஸ்லாந்திலிருந்து இத்தாலி வரை தரையில் விழுந்தன.

ஓடினேன். நூலகர் அன்னேலியின் மேசைக்கு நேராக ஓடினேன். செய்தித்தாள் படிக்கும் பெரியவர்கள் எல்லோரும் தாளை இறக்கியிருந்தார்கள். எங்கோ ஒரு மூக்குக் கண்ணாடி விழுந்த சத்தம். நான் செய்த அடுத்த காரியம் எனக்கே ஆச்சரியம். எல்லோரையும் பார்த்து, "மன்னிச்சுக்கங்க" என்று கிசுகிசுத்தேன்.

"உன்னை யாரு மன்னிப்புக் கேக்கச் சொன்னா?" என்றார் அன்னேலி. அவர் இவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை. "யார் கையைப் பிடிச்சது?"

காட்டினேன். ஓட்சோ ஐரோப்பாவின் மேல் நின்றுகொண்டிருந்தான். முகம் எல்லாம் சிவப்பு. "சும்மா விளையாட்டுக்கு" என்றான்.

"அவ விளையாடின மாதிரி எனக்குக் கேக்கலையே" என்றார் வணிகப் பக்கம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். இத்தனை வருடத்தில் அவர் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம்.

ஆசிரியர் வந்தார். அப்பாவுக்குத் தொலைபேசி போயிற்று. நான் காத்திருந்த நேரத்தில் புத்தகங்களை அகரவரிசையில் அடுக்கினேன். தப்பித்து ஓடிவந்த இடத்துக்குத் திரும்பி வரக் கூடாதுதான். ஆனால் அவை தரையில் கிடந்தன.

நவம்பர் 22, வெள்ளி

நேற்று மாலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சாணம் முதல் கண்கள் வரை. அவருடைய காபி ஆறிப்போனது. பிறகு எழுந்து மேல்கோட்டைப் போட்டுக்கொண்டார்.

"எங்க போறே?"

"சுரங்கத்துக்கு."

"அங்க இப்ப யாரும் இருக்க மாட்டாங்க, அப்பா."

"இருந்தா?"

நெடுநேரம் கழித்து, கைகளில் கறுப்பு மசகோடு வந்தார். "யாரும் இல்ல. ஒரு அம்மாவோட சைக்கிள் சங்கிலி கழண்டுபோச்சு, மாட்டிக் குடுத்துட்டு வந்தேன்" என்றார். கை கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, "முன்னாடியே கேட்டிருக்கணும். ஏரிக்கரை வழி உனக்குப் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

நான் அழவில்லை. கொஞ்சம்தான்.

இன்று பள்ளியில் கூட்டம். ஓட்சோவும் அவன் அம்மாவும் வந்திருந்தார்கள். அவன் மேசையைப் பார்த்தே மன்னிப்புக் கேட்டான். இனி என்னைத் தொடக் கூடாது, வழி மறிக்கக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். என் பக்கம் சொல்ல நான் ஒரு உரை தயாரித்து வைத்திருந்தேன், காரணங்களோடு. கடைசியில், "என் கையைப் பிடிக்காதே" என்று மட்டும் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது.

நவம்பர் 25, திங்கள்

ரைசாவின் கடைசி வகுப்பு. கத்தச் சொன்னார். நான் கத்தினேன். சுவிக்கு விக்கல் நின்றுவிட்டது.

நவம்பர் 27, புதன்

அறிவிப்புப் பலகையில் அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே, மூக்குக் கண்ணாடிச் சீட்டுகளில் எழுதுகிற அதே சின்னஞ்சிறு எழுத்தில்:

"கத்தியது என் மகள். பயன்பட்டது. வெள்ளிக்கிழமைகளில் தொடரும்."

அப்பா! பலகையில்! கையெழுத்தோடு!

அதற்கும் கீழே வேறு கையெழுத்தில், பென்சிலால்: "சரி. தண்ணீர் மட்டும் கொஞ்சமாக."

டிசம்பர் 5, வியாழன்

பள்ளி முடிந்ததும் சுரங்கம் வழியாகப் போனேன். ஓட்சோ அந்தப் பக்க வாசலில், சுவரோடு ஒட்டி, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சைக்கிளை நகர்த்தி இன்னும் தள்ளிப் போனான். நான் கடந்து போன பிறகு பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏய்... அந்த மான் கண்ணு. ஏன் நீலமா மாறுது?"

எனக்குத் தெரியும். ஒரு பக்கத்துக்குச் சொல்லத் தெரியும். நாக்கு நுனியில் வந்து நின்றது.

"நூலகத்துல இருக்கு. போய்ப் படி" என்றேன், நிற்காமல்.

எரிமலைப் புத்தகம் திரும்ப வந்திருந்தது. எனக்கு முன்னால் யாரும் எடுக்கவில்லை.