ஐந்து சொற்கள், ஒன்பது பல்

21 ஆகஸ்ட் 2024, புதன். ஷார்ஜா

மகள் ஜோவினாவுக்கு இப்போது காய்ச்சல் 99.8. தூங்குகிறாள். நான்தான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

இன்று நான் பிசியோவாகப் பார்க்கும் கால்பந்து கிளப் பையன்களுக்கு சீசன் தொடங்குமுன் எடுக்கும் தலைப் பரிசோதனை. ஐந்து சொற்களைச் சொல்லி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்க வேண்டும். ஒற்றைக்காலில் நிற்க வைக்க வேண்டும். பிறகு எவனுக்காவது தலையில் அடிபட்டால் இந்தத் தாளோடு ஒப்பிட்டுத்தான் ஆடலாமா கூடாதா என்று முடிவு செய்வார்கள்.

கடைசி ஆள் புதிதாக வந்த ஸ்பெயின் கோல்கீப்பர். தெல்மோ. இருபது வயசு. விரல், குதிரை, எலுமிச்சை, படகு, சாவி. இரண்டைத்தான் சொன்னான். சிரித்தான். "ஸ்கூல்லயும் நான் இப்படித்தான்" என்றான்.

இவ்வளவு குறைந்தால் மறுநாள் மறுபடி எடுப்பது விதி. அந்த நேரம் பார்த்து உமாராணி அக்கா போன். பகலில் பிள்ளையை அவரிடம்தான் விடுகிறேன். "சுபிஷா, பிள்ளைக்கு உடம்பு கொதிக்குதுப்பா, வந்துரு." 'மறுபரிசோதனை செய்யப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

நாளைக்கு நிஜமாகவே எடுத்துவிட்டால் போச்சு.

22 ஆகஸ்ட்

காய்ச்சல் 102. லீவு போட்டேன்.

8 அக்டோபர், செவ்வாய்

என் வீட்டுக்காரர் பிரைட் மறுபடி கடலுக்குப் போய்விட்டார். எண்ணெய் மேடையில் மூன்று மாதம். வீடு முழுக்க வாஷிங் மெஷின் சத்தம்.

தெல்மோ தோள்பட்டை வலிக்கு மறுபடி வந்தான். அவன் அப்பாவும் மீன்பிடிக்கிறவராம். என் அப்பாவும் என்று போன மாதம் சொன்னேன். அதிலிருந்து என்னோடு ஒரே பேச்சு. நான் போனில் அம்மாவிடம் "செரி செரி" என்பதைக் கேட்டுக் கேட்டு அவனும் எல்லாவற்றுக்கும் "செரி?" என்கிறான்.

இந்த லீக்கில் பெனால்டி அடிப்பவர்கள் முப்பத்திரண்டு பேராம். யார் எந்த மூலைக்கு அடிப்பான், ஓடிவரும்போது எந்தத் தோள் சாயும் — கட்டிலில் குப்புறப் படுத்தபடி வரிசையாக ஒப்பித்தான். போகும்போது, "ஜோவினாவுக்கு ஒன்பதாவது பல் வந்துதா? போன மாசம் எட்டுன்னீங்களே" என்றான். பிரைட்டுக்கே எத்தனை பல் என்று தெரியாது.

15 நவம்பர், வெள்ளி

மேட்ச். அறுபதாவது நிமிடம் தெல்மோ பந்துக்காக எதிராளியின் காலடியில் பாய்ந்தான். முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில். அந்தச் சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது. எழுந்து நின்று, "கலாஸ், கலாஸ், முடிஞ்சுது, ஒண்ணுமில்ல" என்று கையை ஆட்டினான். வெளியே கூட்டி வந்துவிட்டார்கள்.

அடுத்த வெள்ளி ஸ்பெயினில் இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்றிலிருந்து ஆள் வருகிறார். இவனைப் பார்க்க மட்டும். ஆகஸ்டிலிருந்து இந்த ஒரு நாளைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

18 நவம்பர், திங்கள்

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

இன்று அவனுக்கு மறுபரிசோதனை. ஐந்தில் இரண்டு. கிளப் டாக்டர் ஆமிரா ஆகஸ்ட் தாளை எடுத்துப் பார்த்தார். அதிலும் இரண்டு. "பழைய அளவுதான். தலைவலியும் இல்லைங்கிறான். ஆடலாம்னு வியாழக்கிழமை கையெழுத்துப் போடறேன்" என்றார்.

அவர் போனதும் தெல்மோ ஷூ மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான். "உங்க குழந்தைக்கு பல் முளைக்க ஆரம்பிச்சுதா?"

ஆரம்பிச்சுதாவா?

முப்பத்திரண்டு பேரின் தோளைச் சொன்னவன், ஒன்பதாவது பல்லைக் கேட்டவன். ஆகஸ்டில் ஐந்து சொல் நினைவில்லை என்றவன். அன்று வேண்டுமென்றேதான் குறைத்திருக்கிறான். பின்னால் அடிபட்டாலும் தாள் அதே அளவைக் காட்டட்டும் என்று. இன்று இரண்டு சொன்னது நடிப்பில்லை. நிஜமாகவே மூன்று சொல் போய்விட்டது.

மறுநாள் எடுத்திருந்தால் பிடித்திருப்பேனே. டிக் போட்டது யாரு? நான்தான். நான்தானே போட்டேன். ஐயோ மாதாவே.

19 நவம்பர், செவ்வாய்

மைதானத்துப் படிக்கட்டில் அவனைப் பிடித்துக் கேட்டேன். மறுக்கவில்லை.

"பதினெட்டு வயசுல ஒருதரம் உண்மையைச் சொன்னேன். தலை சுத்துதுன்னேன். ஆறு வாரம் உட்கார வெச்சாங்க. ஏழாவது வாரம் அகாடமியே வெளிய அனுப்பிடுச்சு. பத்து வயசுலேர்ந்து இருந்த இடம். இது எனக்கு மூணாவது கிளப். நாலாவது கிடையாது."

"இன்னொரு அடி பட்டா என்ன ஆகும்னு தெரியுமா?"

"வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான். தொண்ணூறு நிமிஷம். ப்ளீஸ்."

பிறகு மெதுவாக, "என் முன்னால போட்ட அந்த டிக் உங்க கையெழுத்துக்கு மேலதானே இருக்கு?" என்றான். மிரட்டவில்லை. பயந்துபோயிருந்தான்.

பிரைட்டுக்கு போன் போட்டு எல்லாம் சொன்னேன். "ஏட்டி, ஒனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேல? டிசம்பர்ல ஒன் புரொபேஷன் முடியுது. அதுவர வாயப் பொத்திட்டு இரி. அவனுக்க தலைக்கு அவன்தானே பொறுப்பு? டாக்டருல்லா அந்தத் தாள்ல ஒப்பு போடுதா, நீயா போடுத?"

"நம்ம பிள்ளை போன மாசம் கட்டில்லேர்ந்து விழுந்தப்ப ரெண்டு ராத்திரி தூங்காம இருந்தீங்களே" என்றேன்.

"அது நம்ம பிள்ள" என்றார். லைன் கட்டாகிவிட்டது. அவர் வைத்தாரா, கடல் வைத்ததா தெரியவில்லை.

20 நவம்பர், புதன்

காலையிலேயே நடந்ததையெல்லாம் நுஃமான் நானாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்தான் எங்கள் கிளினிக்கில் மூத்த பிசியோ, மட்டக்களப்புப் பக்கம்; அங்கே அண்ணன் என்றால் நானா. இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"செய்யாததச் செஞ்சதா டிக் போட்டிருக்கீங்களே, புள்ள."

"ஆமா நானா."

"இத நான் மேல குடுக்கத்தான் வேணும். விளங்குதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் எழுதினீங்களா?" என்று இன்னொரு தடவை கேட்டார். பிறகு அவரே டாக்டர் ஆமிராவுக்கு போன் போட்டார். எனக்கு டீ சொன்னார். குடிக்க முடியவில்லை.

21 நவம்பர்

தெல்மோவின் ஸ்கேன் சுத்தம். ஒன்றுமில்லை. டாக்டர் மூன்று வாரம் ஓய்வு என்று எழுதிவிட்டார். கிளப் மேனேஜர் என் முன்னாலேயே, "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, அப்புறம் எதுக்கு இத்தனை கலாட்டா?" என்றார். இந்த மாதிரி அடி ஸ்கேனில் தெரியாது. எனக்குத் தெரியும். தெரியும்தானே?

22 நவம்பர், வெள்ளி

ஸ்பெயினிலிருந்து ஆள் வந்தார். இன்னொரு கீப்பரைப் பார்த்தார். பாதியில் எழுந்து போனார்.

12 டிசம்பர், வியாழன்

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். புரொபேஷன் இன்னும் ஆறு மாதம். வேலை போகவில்லை, அதுவே நுஃமான் நானா புண்ணியம்.

தெல்மோவின் ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தான். கையுறைகளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வைத்தான். வாசலில் நின்றேன். நிமிரவே இல்லை. போகும்போதும் "செரி?" இல்லை.

ரோலா ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற இந்திக்காரர் பஸ் போய்விட்டது என்று நினைத்து, "அடுத்தது வரும் பாபி" என்றார்.

9 ஜனவரி 2025

பிரைட் வந்திருக்கிறார். அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. நேற்று பிள்ளையின் கட்டிலைச் சுற்றி அவராகவே பலகை அடித்தார்.

அந்தப் பையன் வாழ்க்கையை நான் முடித்துவிட்டேனா? வேறு யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

22 மார்ச், சனி

மதியம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி. பின்னால் கடற்காக்கை சத்தம். படகு இன்ஜின். எங்கள் ஊர் முட்டம் துறைமுகமோ என்று ஒரு நொடி ஏமாந்தேன்.

தெல்மோ. ஹலோ கூடச் சொல்லவில்லை. "விரல். குதிரை. எலுமிச்சை. படகு. சாவி." கொஞ்சம் இடைவெளி. "தலைவலி பிப்ரவரி வரைக்கும் இருந்தது, பிசியோ. வாரநாள்ல அப்பாவோட படகு. போன ஞாயிறு எங்க ஊர் டீமுக்கு ஆடினேன். ஐந்தாம் டிவிஷன். மூணு கோல் விட்டேன்." சிரித்தான். "அக்டோபர்ல ஜோவினாவுக்கு ஒன்பது பல். இப்ப எத்தனை? செரி?"

நான்கு தடவை கேட்டேன். ஐந்தும், வரிசை மாறாமல்.

பிள்ளையைப் பிடித்து மடியில் போட்டு வாயைத் திறந்து எண்ணினேன். பாதியில் கடித்துவிட்டாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

பதினாறு.